தள்ளித் தள்ளி உட்கார வைத்த மூவர்

ஐப்பசி பதினேழு, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விடியும்வரை பெய்த மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் என் ஆடிட்டரும் என் இன்சூரன்ஸ் ஏஜெண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்கள் இருவருக்கும் பழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. பழக்கம் வரவே கூடாது என்பதற்காகத்தான் ஆடிட்டரைத் தஞ்சாவூரிலும், வக்கீலைப் பட்டுக்கோட்டையிலும், ஏஜெண்டை மன்னார்குடியிலும் பிடித்திருந்தேன். ஒருவர் பெயரை இன்னொருவரிடம் நான் சொன்னதில்லை.

முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பரீட்சை ஹாலில் பிள்ளைகளை அடுத்தடுத்து உட்கார வைக்க மாட்டோம். அதே முறையைத்தான் இவர்களிடமும் கையாண்டேன். ஓய்வுபெற்ற பணத்தில் பேராவூரணி சாலையில் ஒரு கொப்பரைக் களமும் கிடங்கும் போட்டிருந்தேன். தேங்காயை உடைத்துக் காயவைத்து எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்பும் வியாபாரம். அதன் உள்விவகாரம் முழுவதும் தெரிந்த ஆள் நான் ஒருவனாக மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

இப்போது ஏஜெண்ட் குனிந்து ஏதோ சொல்ல, ஆடிட்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உறுதியாகத் தோன்றியது. பேராவூரணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்.

அந்த வருடம் சித்திரையில்தான் வியாபாரத்தில் ஒரு மாற்றம் செய்திருந்தோம். என் மகள் சென்னை வேலையை விட்டுவிட்டு, சேமிப்பு மூன்று லட்சத்தைப் போட்டு, என்னோடு கூட்டாளியாகச் சேர்ந்தாள். எனக்கு எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவள் இல்லையென்றால் களத்தை மூட வேண்டியதுதான். அவளைச் சேர்க்கும் யோசனையைச் சொன்னவர் ஆடிட்டர், பத்திரம் எழுதியவர் வக்கீல். சரக்கு எல்லாம் என் பெயரிலிருந்து புதிய கம்பெனியின் பெயருக்கு மாறியது.

கார்த்திகையில் பாலிசியைப் புதுப்பிக்க ஏஜெண்ட் போன் செய்தார். "இந்த வருஷம் ஏதாவது மாத்தம் உண்டா சார்?"

இந்த ஆள் ஏன் கேட்கிறார் என்று யோசித்தேன். ஆடிட்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், இது என்னைச் சோதிக்கும் கேள்வி. சொல்லவில்லை என்றால், இவருக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

"ஒண்ணும் இல்ல. போன வருஷம் மாதிரியே போடுங்க" என்றேன்.

மார்கழி முதல் வாரத்தில் காற்றோடு அடித்த மழையில் கிடங்குக் கூரையின் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. அறுபத்திரண்டு மூட்டைக் கொப்பரை நனைந்தது. காலையில் மகள் மூட்டை ஒன்றை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தாள். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், கொள்முதல் பில்லைக் கேட்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பாலிசி என் பெயரில் இருக்கிறது, நனைந்த சரக்கு கம்பெனியுடையது, ஆகவே பணம் தர முடியாது.

மூன்று பேரும் சேர்ந்து கவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் மகளிடம் சொன்னேன். டீக்கடையில் பார்த்ததையும், சிரித்ததையும், தொடையில் தட்டியதையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, கம்பெனி ஆரம்பித்ததை ஏஜெண்டிடம் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டாள். பரீட்சை ஹால் கணக்கை விளக்கினேன்.

"பரீட்சை எழுதறது அவங்க இல்லப்பா, நாமதான். அவங்க நமக்குச் சொல்லிக் குடுக்க வந்தவங்க" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல், "மூணு பேரையும் ஒரே நாள் இங்க வர வைங்க. இல்லன்னா என் மூணு லட்சத்த எடுத்துக்கிட்டு நான் சென்னைக்கே போயிடறேன்" என்றாள்.

என்னை மாதிரியே அவளும் சொன்னால் செய்வாள்.

பொங்கல் கழிந்த வாரம் மூவரும் வந்தார்கள். கிடங்கில் நான்கு நாற்காலிதான் இருந்தது. நான் கொப்பரை மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்தால் மூன்று முகமும் தெரியும். சுற்றி வளைக்காமல் டீக்கடை விஷயத்தைக் கேட்டேன்.

ஆடிட்டர் கூச்சப்பட்டார். ஏஜெண்டுக்குக் கூச்சமே இல்லை. "எனக்கு ஒம்பது வருஷமா இவருதான் சார் டாக்ஸ் பாக்குறாரு. உங்க பிரீமிய ரசீதுல எம் பேரப் பாத்துட்டு இவரே சொன்னாரு. அன்னைக்கு உங்களப் பத்திதான் பேசினோம். எங்கிட்ட எதக் கேட்டாலும் ஒண்ணும் இல்லங்கறாரு, உங்ககிட்டயாவது வாயத் திறக்குறாரான்னு கேட்டேன். ஊர்ல மழை பேஞ்சுதான்னு கேட்டாக்கூட எதுக்குக் கேக்குறீங்கன்னு கேப்பாருன்னு இவரு சொன்னாரு. அதுக்குத்தான் சிரிச்சோம்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பாலிசியை ஏஜெண்ட் விரிக்க, பத்திரத்தை வக்கீல் விரிக்க, ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். களத்துக் குத்தகை இன்னும் என் பெயரிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். நிலக்காரருக்கு மனம் மாறினால் கம்பெனியை ஒரே நாளில் வெளியே நிறுத்தலாம் என்றார் வக்கீல். தனித்தனியாக இருந்தவரை மூவரில் எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது ஒரு ஆபத்து என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடிட்டர் ஒன்று சொன்னால் வக்கீல் குறுக்கே கேட்டார். வக்கீல் சொன்ன செலவுக்கு ஆடிட்டர் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்தைப் பார்த்தபோது பல மாதத்துக்குப் பிறகு மனம் லேசாயிற்று. மூன்று பேரை நான் ஒருவன் கவனிப்பதைவிட, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது எவ்வளவோ மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி உட்கார வேண்டும் என்று நானே சொன்னேன். மகள் சென்னைப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. இப்போது கூட்டத்துக்கு நாள் குறிப்பவள் அவள்தான். நான் மூட்டை மேல் உட்கார்ந்து முகங்களைப் பார்க்கிறேன். மூவரும் சேர்ந்து சிரித்தால் மட்டும், எதற்கு என்று உடனே கேட்டுவிடுகிறேன்.

நனைந்த கொப்பரையைச் சோப்புக் கம்பெனி ஆள் அடிமாட்டு விலைக்கு எடுத்ததில் நஷ்டம் இரண்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். கூரைக்குப் பதினெட்டாயிரத்து நானூறு. முதல் கூட்டத்தன்று மெஸ்ஸிலிருந்து எடுத்த ஐந்து சாப்பாடு அறுநூற்றைம்பது. ஆக மொத்தம் இரண்டு லட்சத்து அறுபத்தேழாயிரத்து ஐம்பது ரூபாய்.