பச்சை கார்டுக்குப் பல் கிடையாது

மாஸ்க் போன நாள்

தேக்காவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். அரை நாள் வேலைதான். கதவைத் திறப்பேன், வருகிறவர்களை உட்கார வைப்பேன், நாற்காலியில் சாய்ந்ததும் நடுங்குகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வேன். டாக்டர் முடித்த பிறகு ட்ரேயை எடுத்துப்போய்க் கழுவி ஆட்டோகிளேவில் வைப்பேன். ஆட்டோகிளேவ் என்பது சாமான்களை ஆவியில் வேகவைக்கிற பெட்டி. இட்லிச் சட்டிதான், விலை மட்டும் கொஞ்சம் கூட.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள், "கவர்மெண்ட் வைத்தியச் சலுகைக் கார்டுக்கு எப்படி அப்ளை பண்ணுறது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். படிப்பவர்களும் மெதுவாகப் படிக்கலாம், யாரும் துரத்தவில்லை.

எனக்கு மேல்வரிசையில் முன்பல் நான்கு இல்லை. ஈறு கெட்டு ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் பழைய டாக்டர்தான் பிடுங்கினார். "பல் செட் நானே கட்டித் தரேன், காசு வேணாம்" என்றார். ஓசிப் பல்லைக் கட்டிக்கொண்டு தினமும் அவர் முன்னாலேயே சிரிக்க எனக்கு இஷ்டமில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றேன். அப்புறம் வருவதற்குள் அவர் கிளினிக்கை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாஸ்க் காலம் வந்தது. ஊர் முழுக்கப் பயந்து கிடந்த அந்தச் சமயத்தில் நான் மட்டும் நல்ல அழகாக இருந்தேன். எல்லோருக்கும் ஒரே வாய். கோயம்புத்தூரிலிருந்து வந்த நித்யா மேனேஜராகச் சேர்ந்ததும் அப்போதுதான். என் கண்ணை மட்டும் பார்த்தே, "ஆன்ட்டி ரொம்ப கலையா இருக்கீங்க" என்று சொன்ன பெண்.

மாஸ்க் வேண்டாம் என்று ஆனது. முதல் நாள் காலையில் கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்று சிரித்தேன். வந்தவர் பல் கட்ட வந்தவர். என்னைப் பார்த்தார். வெளியே போய் போர்டைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"இங்கதானே பல் கட்டுறாங்க?"

"இங்கதான். எனக்குத்தான் கட்டல" என்றேன்.

நித்யா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. ஃப்ரண்ட்ல நிக்கறவங்கதான் கிளினிக்கோட முகம்."

"முகம் இருக்குதேம்மா. பல்லுதானே இல்ல."

"அதத்தான் சொல்றேன். பல் செட் கட்டிக்கோங்க. ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் வேற இருக்கு. அதுவரைக்கும் பின்னாடி ரூம்ல ட்ரே கழுவுற வேலைய மட்டும் பாருங்க."

"மாஸ்க் போட்டுக்கிட்டு முன்னாடியே நிக்கிறேனே."

"கம்பெனி ரூல் ஆன்ட்டி. வெல்கம் ஸ்மைல் தெரியணும்."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். மேலே இருந்து வந்ததை அவள் கீழே இறக்கி வைத்தாள், அவ்வளவுதான். ஆனால் பின் அறைக்கு ஜன்னல் கிடையாது. இடுக்கியும் கண்ணாடியும் என்னைப் பார்த்து, "அக்கா, வலிக்குமா?" என்று கேட்காது. கதவு என்னுடைய இடம். அது எனக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பல் வேண்டும்.

கேட்காமல் கிடைத்தவர்களும் கேட்டும் கிடைக்காதவளும்

கவுண்டரில் இருப்பவர் ஜமால். தாத்தா காலத்தில் நாகூரிலிருந்து வந்த குடும்பம். ஆள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அவர்தான் சொன்னார்.

"அக்கா, ஸ்டாஃப் டிஸ்கவுண்ட்ட நம்பாதீங்க. சம்பளம் கம்மியானவங்களுக்கு நீல சலுகைக் கார்டு குடுக்கறாங்க, அது இருந்தா பல் செட்டு அதவிட மலிவு."

"அப்ப இங்க வேல செய்றத விட இங்க வந்து வாயத் திறக்கறதுதான் லாபம்னு சொல்லுங்க."

"அப்படித்தான் லா."

என் வயதுக்காரர்களுக்கு மூத்தோர் சலுகைக் கார்டு வீட்டுக்கே வந்தது. யாரும் கேட்கவில்லை, அப்ளை பண்ணவில்லை. இந்த வயது, இந்த நாட்டுக்காரர், இந்தாங்க என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்து வசந்தா அதை எடுத்துக்காட்டாத நாளே இல்லை. எனக்கு மட்டும் வரவில்லை. நான் மலேசியாவிலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவள். நிரந்தரவாசிகளுக்கான நீல ஐசியோடு, அதாவது அடையாள அட்டையோடு, பல வருஷம் இருந்தேன். குடியுரிமை எடுத்து சிவப்பு ஐசி வாங்கு, வாங்கு என்று வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் சொன்னார். என்ன அவசரம் என்றேன். அவர் போன பிறகுதான் வாங்கினேன். அரசாங்கத்துக்கும் அவசரம் பிடிக்கும் போலிருக்கிறது. குறிப்பிட்ட வருஷத்துக்கு முன்னால் வாங்கியவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. மற்றவர்கள் வருமானத்தைக் காட்டி அப்ளை பண்ண வேண்டும்.

சரி, வருமானம்தானே. அரை நாள் சம்பளத்தை மறைக்க நான் பெரிய திரைச்சீலை எல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஜமாலே என் போனில் எல்லாவற்றையும் அமுக்கிக் கொடுத்தார். கடைசியில், "உங்க மகன் சம்மதிக்கணும்னு வருது அக்கா" என்றார்.

"அவன் எதுக்கு? பல்லு எனக்கு."

"அதே அட்ரஸ்ல இருக்காரு, அதனாலதான் கேக்குது."

என் மகன் முரளி கல்யாணமாகி பாசிர் ரிஸ்ஸில் காண்டோவில், தனியார் அடுக்குமாடியில் இருக்கிறான். நான் புக்கிட் மேராவில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறேன். ஆனால் அவன் ஐசியில் இன்னும் புக்கிட் மேராதான். மாற்றவே இல்லை. மெசேஜ் போனதும் ஆபீசிலிருந்தே ஓகே பண்ணிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"ம்மா, சம்மதம் குடுத்துட்டேன். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஜமாலிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பச்சை

கார்டு வந்தது. பச்சை. நான் கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஜமால் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, பச்சைக்கு வேற வைத்தியம் இருக்கு. பல் செட்டு கிடையாது."

"சக்கரைக்கு உண்டா?"

"உண்டு."

"ரொம்ப நல்லது. சக்கரை மாத்திரைய வாங்கிட்டு மெல்லாம முழுங்கிக்கிறேன்."

அப்புறம் அவர் விளக்கினார். வீட்டில் உள்ளவர்களின் வருமானத்தையெல்லாம் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்கள். யார் வீட்டில் இருக்கிறார் என்பதை ஐசியில் உள்ள விலாசத்தை வைத்துப் பார்ப்பார்கள். முரளி என்ஜினியர். அவன் சம்பளத்தில் பாதியை என் தலையில் கட்டினால் நான் பணக்காரிதான். என் மருமகள் மட்டும் காண்டோ விலாசத்துக்கு ஒழுங்காக மாற்றிக்கொண்டாள். ஆக கம்ப்யூட்டரைக் கேட்டால், என் மகன் பெண்டாட்டியைப் பிரிந்து அம்மாவோடு வந்துவிட்டான். எந்த மாமியாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? எனக்குக் கிடைத்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

"அவர அட்ரஸ் மாத்தச் சொல்லுங்க" என்றார் ஜமால். "குடி போனா மாத்தணும், அதுதான் சட்டமும்."

அன்று சாயங்காலம் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ம்மா, பல்லுக்கு நான் பே பண்றேன். அட்ரஸ் எதுக்கு?"

"எனக்கு வர வேண்டியது உன் பேரால நின்னு போச்சுடா. அத விடச் சொல்றேன். உன் காசக் கேக்கல."

"மாத்தினா நீங்க தனியா இருக்கறதா ஆயிடும்லா."

"இப்ப யார் கூட இருக்கேன்? ஃபிரிட்ஜ் கூடவா?"

"ஜோக் பண்ணாதீங்க. யாராவது கேட்டா அம்மா என் அட்ரஸ்லதான்னு சொல்றேன். மாத்திட்டா என்ன சொல்றது?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் சோம்பேறித்தனத்தால் மாற்றாமல் இல்லை. அந்த ஒரு வரி ஐசியில் இருக்கும்வரை அவன் அம்மாவை விட்டுப் போகாத பிள்ளை. நான் இங்கே தனியாகச் சோறு பொங்குகிறேன், அவன் ஐசி மட்டும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது.

"ஞாயித்துக்கிழமை வா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

பின் அறை

அந்த வாரமும் நான் ஆட்டோகிளேவோடு குடும்பம் நடத்தினேன். அது ஊதும், நான் கேட்பேன். முன்னால் ஒரு டேப்லெட்டை நிறுத்திவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அதைத் தொட்டு நம்பர் எடுத்துக்கொள்ள வேண்டும். வெல்கம் ஸ்மைல் அதில் படமாக இருந்தது, மஞ்சள் கலரில். அதற்கும் பல் கிடையாது. கோடு மட்டும்தான். அதை யாரும் பின் அறைக்கு அனுப்பவில்லை.

வியாழக்கிழமை ஒரு பையன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தான். பூன் லே பக்கம் கப்பல் பட்டறையில் வேலை, புதுக்கோட்டைக்காரன். அவனுக்கு நீலமும் கிடையாது, பச்சையும் கிடையாது, கம்பெனிக் கடிதம் மட்டும்தான். இரும்பைத் தூக்குகிறவன், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டான். டாக்டர் சொன்னார், கேட்கவில்லை. நித்யா நல்ல தமிழில் எடுத்துச் சொன்னாள், அதற்கும் ஏறவில்லை. கடைசியில் பின் அறைக் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் வாங்களேன்."

"பல்லு இல்லையேம்மா."

அவள் பாக்கெட்டிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினாள். "இன்னைக்கு மட்டும்."

வெல்கம் ஸ்மைல் அன்றைக்கு லீவு போலிருக்கிறது. போய் அவன் கையைப் பிடித்தேன். "உனக்குப் பிடுங்கப் போறது ஒண்ணு. எனக்கு நாலு. நானே இருக்கேன் பாரு" என்று மாஸ்க்கை லேசாக இறக்கிக் காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் திறந்ததும் டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டார்.

வேலை முடிந்து போகும்போது நித்யா, "சீக்கிரம் கட்டிக்கிட்டு வந்துடுங்க ஆன்ட்டி, அந்த டேப்லெட் கையப் புடிக்கறதில்ல" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. பரவாயில்லை, நானும் அவசரக்காரி இல்லை.

யார் இந்த வீட்டில் இருக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை முரளி வந்தான். மீன் குழம்பு வைத்திருந்தேன். நன்றாகச் சாப்பிட்டான். நான் குழம்பில் சோற்றைப் பிசைந்து கடைவாயில் ஒதுக்கி மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முள்ளை எடுத்துப் போட்டான்.

"ம்மா, நான் யோசிச்சேன். பல்லுக்குப் பணம் குடுத்துடறேன், அட்ரஸ் அப்படியே இருக்கட்டும்."

"இன்னைக்குப் பல்லுக்குக் குடுப்ப. நாளைக்குக் கண்ணுக்கு, மறுநாள் முட்டிக்கு. ஒவ்வொண்ணுக்கும் நான் உனக்கு போன் போட்டு நிக்கணுமா?"

"போடுங்க. நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

"எனக்கு வேணாம்டா. நான் வேல செய்றேன். என் சம்பளத்துக்கு எந்தக் கார்டோ அது என் பேர்ல வரட்டும்."

அவன் பிடி விடவில்லை. "இது என் வீடும்தான்லா. நான் இங்கதான் வளர்ந்தேன்."

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்தோடு வருகிறவர்களிடம், வீட்டில் எத்தனை பிரஷ் இருக்கிறது, எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பேன். அதிலேயே பாதிக் குடும்பக் கதை தெரிந்துவிடும். அவன் கை கழுவ எழுந்தபோது நானும் பின்னாலேயே போனேன். கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் கப்பைக் காட்டினேன்.

"இதுல உன் பிரஷ் எது?"

கப்பில் ஒரே பிரஷ்தான் இருந்தது. தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன என் பிரஷ்.

அவன் அதையே பார்த்தான். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் மூடினேன். தண்ணீருக்கும் பில் என் பேரில்தான் வருகிறது.

"கம்ப்யூட்டருக்குப் பிரஷ் தெரியாதுடா. உனக்குத் தெரியும்" என்றேன்.

சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்தான். ரொம்ப நேரம் அமுக்கினான். இந்த அரசாங்கத்தில் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்ப ஒரு நிமிஷம் போதும், அவனுக்குத்தான் நேரம் பிடித்தது. முடித்துவிட்டு, "மாத்திட்டேன்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அழுகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பது கிளினிக்கில்தான் எனக்கு வேலை.

நீலம்

அவன் விலாசம் மாறி வந்த பிறகு ஜமால் மறுபடி அப்ளை பண்ணினார். இந்தத் தடவை யாருடைய சம்மதமும் கேட்கவில்லை. நீல கார்டு வந்தது. அதை வசந்தாவிடம் காட்டினேன், அவள் பார்த்து முடித்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம்.

எங்கள் கிளினிக்கிலேயே அளவு எடுத்தார்கள். வாயில் பல் அச்சு எடுக்கிற மாவு நிரப்பிய ட்ரேயை வைத்து, இறுகியதும் எடுத்தார்கள். அது என் வாயிலிருந்து வந்த ட்ரே என்பதற்காக வேறு யாரும் கழுவ வரவில்லை. நானே எழுந்துபோய்க் கழுவினேன். செட் வந்து பொருத்திய அன்று நித்யா என்னைக் கதவருகே நிறுத்தி, டேப்லெட்டை எடுத்துக் கவுண்டருக்குப் பின்னால் வைத்தாள். முதலில் வந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேரே உள்ளே போய்விட்டார். இதற்காகத்தான் இத்தனை பாடு.

கார்டு எடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்றுதான் சொல்வேன். சம்பளத்தைச் சொல்வதற்கு முன்னால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சரியாகச் சொல்லுங்கள். ஐசியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இருந்தால் முதலில் அதைச் சரி பண்ணுங்கள். பாசத்தைக் காட்ட விலாசம் சரியான இடமில்லை, அங்கே அதை வருமானமாகக் கூட்டிவிடுவார்கள்.

அடுத்த சனிக்கிழமை முரளி மருமகளோடு வந்தான். ராத்திரி இங்கேயே தங்கினார்கள். அவர்கள் வீட்டில் ஏர்கான் கெட்டுப்போச்சாம். எனக்குத் தெரிந்து அவர்கள் வீட்டில் ஏர்கான் மூன்று இருக்கிறது. மூன்றும் ஒரே நாளில் கெட்டுவிட்டதாக நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பின பிறகு என் பல்லைக் கழற்றிக் கழுவப் போனேன். கப்பில் மூன்று பிரஷ் இருந்தது. ஜமாலிடம் மட்டும் சொன்னேன். "அத கம்ப்யூட்டர்ல அப்டேட் பண்ண வேணாம் அக்கா" என்றார்.