ஜெபக் குழுவில் என் கட்டி

"கட்டி எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டபடியே கத்தரிக்காயை நிறுத்தார் தள்ளுவண்டிக்கார அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்பில் ஒரு சின்னக் கட்டி, அதிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இது எனக்கும் அம்மாவுக்கும் ஹாம்பர்க்கில் இருக்கும் என் கணவருக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லாபுரத்தில் அம்மா வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து. பக்கத்தில் மல்லித்தழை பொறுக்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண்ணும், "பயப்படாதீங்க, எங்க மச்சினிக்கும் வந்துச்சு" என்றார்.

என் பிழைப்பு என்ன தெரியுமா? தரவுத் தனியுரிமை ஆலோசகர். அடுத்தவர் விவரத்தை அவரைக் கேட்காமல் வெளியே விடாதீர்கள் என்று நிறுவனம் நிறுவனமாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஹாம்பர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் நடைவழியில் தொங்கிய பிறந்தநாள் பலகையைக்கூடக் கழற்ற வைத்தவள் நான். அங்கே என் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் பல வாரங்கள் வரவில்லை. திரும்பி வந்தபோது தலையில் துணித் தொப்பி. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று வீட்டில் மகள் எஸ்தரிடம் பெருமையாகச் சொன்னேன்: "அவங்களாச் சொன்னாத்தான் நமக்கு. அதுதான் நாகரிகம்."

அம்மாவைப் பிடித்தேன். கூச்சமே இல்லாமல் ஒத்துக்கொண்டார்.

"பெண்கள் சங்க ஜெபக் குரூப்புல போட்டேன். ஊருக்கா சொன்னேன்? நம்ம சபைப் பொம்பளைக அம்புட்டுதான்."

"எஸ்தருக்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை நடக்குதும்மா. முடியிற வரைக்கும் அவ காதுக்குப் போகக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"அவ எங்கடி இந்தக் குரூப்புல இருக்கா?"

குழுவை நடத்துபவர் கிரேஸ் டீச்சர், மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் போன் செய்து, வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே பொறுமைக் குரலில் விஷயத்தை விளக்கினேன். "அதுக்கென்னம்மா, இப்பவே சொல்லிர்றேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அம்மாவின் போனில் செய்தி வந்தது, கொட்டை எழுத்தில்: 'சகோதரி ஜெமிமா அவர்களின் மார்புக் கட்டி பற்றி ஹாம்பர்க்கில் இருக்கும் மகள் எஸ்தருக்குத் தெரியக் கூடாதாம். ஆகவே யாரும் வெளியே சொல்லாமல் இரகசியமாக ஜெபிக்கவும்.' கிழிஞ்சது! திரும்பக் கூப்பிட்டால், "வெவரமாப் போட்டாத்தானேம்மா புரியும்?" என்கிறார். தலையில் அடித்துக்கொள்ளத்தான் முடிந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆட்டுக்கால் சூப் வந்துகொண்டே இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு ஜெர்மன் மருத்துவமனைக்கு, நோயாளியின் பெயரையும் நோயையும் ஒரே காகிதத்தில் எழுதாதீர்கள் என்று கணினி வழியே பாடம் எடுக்கிறேன். கூடத்தில் நாலு பெண்கள் என் பெயரையும் எந்தப் பக்க மார்பு என்பதையும் ஆண்டவருக்கு உரத்த குரலில் நினைவூட்டுகிறார்கள். வெளிநாட்டில் குடியிருந்து ஊருக்கு வந்துபோகிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

முடிவு வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, பயமில்லை. எஸ்தரின் பரீட்சையும் அதற்கு முந்தின நாள்தான் முடிந்திருந்தது. வாசலில் நின்று அவளைப் போனில் கூப்பிட்டேன். கட்டி என்று ஆரம்பித்ததுமே, "ரிசல்ட் வந்துருச்சாம்மா?" என்றாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"முதல் பரீட்சைக்கு முன்னாடியே தெரியும். இங்க தமிழ்ச் சபை யூத் குரூப்ல ஜெபிக்கச் சொல்லி வந்துச்சு."

"பிறகு ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"உங்க விஷயம்லம்மா. நீங்களாச் சொன்னாத்தானே எனக்கு? ராத்திரியெல்லாம் அழுதேன். அப்பாகிட்டக்கூடச் சொல்லல."

ஊரே வாய்விட்டுக் கேட்ட ஒரு கேள்வியை, கேட்க முழு உரிமையுள்ள பிள்ளை தனக்குள் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவள்தான். வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று அவளிடம் சொல்லி முடித்தேனோ இல்லையோ, தெருமுனையிலிருந்தே குரல் வந்தது. "சாதாக் கட்டிதானாமேம்மா! டீச்சர் சொன்னாக! நல்லதாப் போச்சு!" தள்ளுவண்டிக்கார அக்கா வண்டியை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறு கையில் போன். அதில் எஸ்தர், "ஆள் இருக்காங்க போலம்மா. நீங்க பேசுங்க, நான் வைக்கிறேன்" என்றாள், அத்தனை நாகரிகமாக.

"வைக்காதடி!" என்று கத்தினேன். "என்ன வேணும்னாலும் கேளு, இப்பவே கேளு!" வில்லாபுரம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.