உளுந்துச் செடியும் குளிர்காற்றுக் குழாயும்

ஜீப்புக்குக் குளிர்காற்றுக் குழாய் வாங்கிப் போடலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் திருப்பிக் கேட்பேன்: செஞ்சியில் குளிர்ந்த காற்று எங்கேயப்பா இருக்கிறது? பங்குனி பிறந்துவிட்டால் கோட்டை மலைப் பாறை விளக்கு வைத்த பிறகும் தோசைக்கல் மாதிரி சுடும். மனுஷனுக்கே கிடைக்காத குளிர்காற்று இன்ஜினுக்கு வேண்டுமாம். நல்ல நியாயம்!

எங்களுக்குக் கடைத்தெருவில் மாட்டுத் தீவனக் கடை. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை விற்கிறோம். கல்லாவில் என் வீட்டுக்காரர் உட்காருவார். ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டு தளவானூர் பக்கமும் மேல்சித்தாமூர் பக்கமும் போய் இறக்கிவிட்டு வருகிறவள் நான். லாரி நுழையாத வண்டிப்பாதை, ஏரிக்கரை, பாறைச் சரிவு எல்லாவற்றிலும் என் ஜீப் போகும். பொம்பளை ஜீப் ஓட்டுகிறாளே என்று கடைத்தெரு ஆரம்பத்தில் வாயைப் பிளந்து பார்த்தது. பிளந்த வாயில் ஈ புகுந்ததுதான் மிச்சம், நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

என் கொழுந்தனுக்குச் சென்னையில் வேலை. சனி ஞாயிறானால் காட்டிலும் மணலிலும் ஜீப் ஓட்டுகிற கூட்டத்தோடு சுற்றுகிறவன். போன வருஷம் லீவில் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர்.

"அண்ணி, கம்பெனி ஃபில்டர் டப்பா இன்ஜின மூச்சு வுடவே வுடாது. இதான் குளிர்காத்துக் குழாய், இதப் போட்டா வெளிக்காத்த நேரா இழுக்கும். ஏத்தத்துல பாருங்க, பிச்சிக்கினு போவும்."

"எனக்குப் பிச்சிக்கினு போவ வேணாம் தம்பி. மூட்ட போய்ச் சேர்ந்தா போதும்."

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "சின்னவன் ஆசயா வாங்கினு வந்துக்கிறான். போட்டுட்டுப் போறான், வுடேன்."

விடமாட்டேன் என்றுதான் சொன்னேன். மறுநாள் நான் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் மாட்டிவிட்டான். வண்டி என்னுடையது, ஓட்டுகிறவள் நான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! நாலு பக்கமும் மூடியிருந்த கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கூம்பைத் திறந்தவாக்கில் நிறுத்தியிருந்தான். சாவியைத் திருகினால் உர்ரென்று ஒரு உறுமல். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சத்தம் மூட்டை சுமக்காது. கழற்றின டப்பாவை அவன் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தான். பிடுங்கி ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

அப்போது உளுந்து அறுப்பு. எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் காய் வெடித்துப் பருப்பு தனியாக வந்துவிடும். ஒதுங்கிப் போகிற வண்டிக்கு நல்ல வசவு கிடைக்கும். நான் ஒதுங்கவே மாட்டேன். உளுந்து போட்டிருப்பவர்கள் எல்லாம் என்னிடம் தவிடு வாங்குகிறவர்கள். இரண்டாவது கியரில் மெல்ல உருட்டி, போய்த் திரும்பி, மறுபடியும் மிதித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ரோடே தெரியாத அளவுக்குச் சருகும் தூசும் பறக்கும். பழைய டப்பா இருந்த வரைக்கும் ஜீப் ஒரு தும்மல் போட்டதில்லை.

குழாய் போட்டு முதல் தடவை தளவானூர் ரோட்டில் உளுந்தை மிதித்துவிட்டு ஏற்றத்துக்கு வந்தேன். வண்டி இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. கொஞ்ச தூரம் முக்கி முனகி நின்றேவிட்டது. உளுந்து போட்டிருந்த அம்மாவின் வீட்டு டிராக்டர்தான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டது. கடைத்தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது. "நான் அப்பவே சொன்னேன், பொம்பள கையில வண்டி" என்று ஒரு குரல் என் காதுபடவே சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கொழுந்தன் கூம்பைக் கழற்றினான். கம்பளி போர்த்தினது மாதிரி அதன் மேல் உளுந்தஞ்சருகு அப்பிக் கிடந்தது. தட்டி, காற்றடித்து மாட்டினான். வண்டி உறுமியது.

"பாத்தியா, வண்டி நல்லாதான் இருக்குது. அண்ணிதான் தேவையில்லாம உளுந்து மேல ஏத்தறாங்க. சுத்தினு போவ வேண்டியதுதானே?" என்று அண்ணனிடம் சொன்னான்.

அவரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட மாதிரி பேசினார். "ரோட்டுல நின்னு மானம் போனது போதும். இனிமே நீ கல்லாவுல உக்காரு. ஓட்டறதுக்கு டிரைவர் வெச்சிக்கலாம்."

ஒரு குழாய்க்காக என் ஸ்டீரிங் போகிறதா? கல்லாவில் உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்க்கவா நான் ஜீப் கற்றுக்கொண்டேன்? சண்டை போட்டால் அழுகிறாள் என்பார்கள். அதனால் குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "சரி. நாளிக்கு லோடு தம்பி ஓட்டட்டும். நான் பக்கத்துல குந்திக்கினு வரேன்."

மறுநாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டினான். உளுந்தைப் பார்த்ததும் ஓரமாக ஒதுக்கினான். டிராக்டர்காரம்மா செடி புரட்டுகிற கவைக்கம்போடு நடுரோட்டுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாப்பா ஒதுங்கினு போற? எங்க ஊட்டு மாட்டுக்குத் தவுடு விக்கத் தெரியுது, எங்க உளுந்து மேல ஏத்தத் தெரியலயா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் ஏற்றினான். அந்தம்மா விடவில்லை, திரும்பி வா, இன்னொரு தரம் வா என்று மிதிக்கவைத்தாள். உறுமல் இருமலாயிற்று, கரும்புகை வந்தது, உளுந்தின் நடுவிலேயே வண்டி நின்றது.

"நேத்து நின்னா கடைக்காரம்மாவுக்கு ஓட்டத் தெரியலன்னாங்களாமே. இன்னிக்கு இன்னா தம்பி, உனுக்கும் தெரியலயா?" என்றாள் அந்தம்மா. செடி புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நான் இறங்கினேன். பின்சீட்டுக்கு அடியிலிருந்து டப்பாவையும் ஸ்பேனரையும் எடுத்தேன். குழாயைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். இன்ஜின் சூட்டில் கொதித்த அதைப் பிடிக்க முடியாமல் கை மாற்றிக்கொண்டு நின்றான். டப்பாவை மாட்டி, நானே ஏறி, அந்தம்மா போதும் போதும் என்கிற வரைக்கும் உளுந்தை மிதித்துக் கொடுத்தேன். அப்புறம் மூட்டைகளோடு அதே ஏற்றத்தில் ஏறினோம். வண்டி எங்கேயும் திணறவில்லை.

தூசியே இல்லாத ரோட்டில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் அந்தக் குழாயை வாங்கிக்கொள்ளட்டும், சத்தம் கேட்டுச் சந்தோஷப்படட்டும். நான் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் காடுமேட்டில் ஓட்டுகிறவர்களுக்கு மூடின டப்பாதான் சரி. இழுக்கிற காற்று சுத்தமாக இருந்தால் போதும், இன்ஜின் அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. இதை எந்தக் கூட்டத்தில் வேண்டுமானாலும் சொல்வேன்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பினோம். என் வீட்டுக்காரர் தம்பியிடம்தான் கேட்டார்: "வண்டி எப்டிடா ஓடிச்சி?"

"நல்லா ஓடிச்சிண்ணா," என்றவன் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணிதான் ஓட்டனாங்க."

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "நாளிக்கு ஒரு டிரைவர வரச் சொல்லிட்டேனே," என்றார்.

"ஆளு கெடச்சாச்சின்னு சொல்லிடுங்க," என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.