அல்போன்சா டீச்சர் அடையாளம் சொல்லாத சட்டை

சாந்தோமில் கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் அல்போன்சா டீச்சர் வெகுகாலம் ஞானோபதேச வகுப்பு எடுத்தார். மற்ற டீச்சர்கள் கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இவர் பழைய ஏற்பாட்டைக் கதையாகவே சொல்வார். ஒரு கதையில் வந்த வார்த்தை இன்னொரு கதையில் திரும்பி வந்து நிற்கும் இடங்களைக் காட்டுவதில் அவருக்குத் தனி ஆசை.

"யாக்கோபு கையில ஆட்டுத்தோலைக் கட்டிக்கிட்டு, கண்ணு தெரியாத அப்பாவை ஏமாத்தினான். அவன் கிழவனானதும் அவன் பிள்ளைங்களே தம்பி சூசையை வித்துட்டு, அவன் அங்கியை ஆட்டு ரத்தத்துல தோய்ச்சுக் கொண்டுவந்தாங்க. 'பாரும், இது உம்ம மகன் அங்கியா இல்லையா?'ன்னு கேட்டாங்க. அந்த அண்ணன்மார்ல வித்துடலாம்னு யோசனை சொன்னவன் யூதா. அடுத்த அதிகாரத்துலேயே, அவன் மருமக தாமார் அவனோட முத்திரையையும் கோலையும் அனுப்பி, 'பாரும், இது யாருடையது?'ன்னு கேக்கறா. அதே வார்த்தை!"

அந்த முத்திரையும் கோலும் தாமாரிடம் எப்படி வந்தன என்பதை மட்டும் பெண்பிள்ளைகளிடம் சொல்லக் கூசித் தாண்டிவிடுவார். பிள்ளைகளும் கேட்பதில்லை.

அவருடைய ஒரே மகன் காஸ்பர் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். போக மனமில்லாமல்தான் இருந்தான். "இங்க உக்காந்து என்னடா பண்ணப் போறே? போய்ப் பாரு" என்று கப்பலேற்றியது டீச்சர்தான். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

நாற்பத்திரண்டு கோடையில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானது. மயிலாப்பூரில் தெருத்தெருவாகப் பூட்டுத் தொங்கியது. டீச்சரும் அவர் கணவர் அகஸ்டினும் மட்டும் போகவில்லை. மகன் வந்து கதவைத் தட்டும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று இருந்துவிட்டார்கள்.

கதவைத் தட்டியது பவுல்சாமி. காஸ்பரோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவன். பர்மாவிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்திருந்தான். கால் இரண்டும் புண். உள்ளே வந்து உட்காராமல் வாசலிலேயே நின்று அழுதான்.

"ரெண்டு பேருந்தாம்மா ஒண்ணா வந்துக்கினு இருந்தோம். வழில அவனுக்கு ஜொரம். ஒரு மரத்தடில ஒக்கார வெச்சுட்டுத் தண்ணி தேடிக்கினு போனேன். கூட்டம் அப்படியே தள்ளிக்கினு பூட்ச்சும்மா. திரும்பிப் போவ முடியல."

பிறகு மடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தான். எல்லையில் இருந்த அகதி முகாமில் யாரோ ஒருவன் அதைப் போட்டிருந்தானாம். வழியில் கிடந்தது என்றானாம். மார்புப் பக்கம் கறுத்துக் காய்ந்த கறை இருந்தது.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. இது ஒங்க புள்ள சட்டைதானா?"

எத்தனையோ வருஷமாகக் கரும்பலகை முன்னால் நின்று டீச்சர் தன் வாயால் சொன்ன கேள்வி.

"தெரியலப்பா" என்றார்.

மறுநாள் அதைப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனார். காஸ்பருக்குச் சட்டைகள் தைத்துக் கொடுத்த மெஹபூப் பாஷாவின் கடை திறந்திருந்தது. பாஷா சட்டையை உள்பக்கம் திருப்பித் தோளைத் தடவிப் பார்த்தார்.

"நான் தெச்சதுதான். தம்பிக்கு எடது தோளு கொஞ்சம் எறக்கம். அதுக்காவ உள்ளே துணி வெச்சு மடிச்சேன்." மார்பில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

டீச்சர் சொன்னார். பாஷா சட்டையைக் கவனமாக மடித்துக் கொடுத்தார். "சட்டை நான் தெச்சதுன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல நான் இன்னாம்மா சொல்றது?"

வீட்டுக்கு வந்ததும் அகஸ்டின், "சாமியாரைப் பார்த்து மரித்தோர் பூசைக்குச் சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பினார். டீச்சர் வழியை மறித்தார்.

"யாக்கோபு அங்கியைச் சரியாத்தான் அடையாளம் சொன்னாரு. அது சூசையோட அங்கிதான். ஆனா பிள்ளை சாகலையே! எகிப்துல உயிரோட இருந்தான். இவன் சட்டையையும் யாராவது எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

"அல்போன்சா, அது வேதத்துல இருக்கிற கதை."

"வேதத்துல ஒரு தடவை நடந்தது திரும்பத் திரும்ப நடக்குதே!"

"நடக்குது. எப்படி நடக்குதுன்னு நீதானே சொல்லுவே? அவனவன் செஞ்சது அவனவன் தலையிலேயே வந்து விழும்னு."

அகஸ்டின் கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். ஆனால் டீச்சர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அண்ணன்மாரைப் பார்த்து வா என்று சூசையை அனுப்பியதும் அந்தத் தகப்பன்தான். அந்த வரியை அவர் வகுப்பில் அழுத்திச் சொன்னதே இல்லை. எந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு மகன் இருக்கிறான் என்று நம்பினாரோ, அந்தக் கதையே அவனை அனுப்பியது அவர்தான் என்றும் சொன்னது. நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பூசை நடந்தது. டீச்சர் போகவில்லை. வீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாததால் துக்கம் கேட்கவும் யாரும் வரவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சூசையின் கதை வந்தபோது, தகப்பன் துணியைக் கிழித்துக்கொண்டு அழுத இடத்தில் அவர் கதையை நிறுத்திவிட்டார். மிச்சத்தை வேறொரு டீச்சர் வந்து சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு அவர் சின்ன வகுப்புகளுக்கு ஜெபம் மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

சண்டை முடிந்து ரங்கூனிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. டீச்சர் துறைமுகத்துக்குப் போவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கப்பல் வருகிற நாளில் அவரால் படுக்கையை விட்டு எழவே முடியாது. போனவர் அகஸ்டின். பூசை வைத்த மனிதர்தான் ஒவ்வொரு கப்பலுக்கும் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டிராம் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து கூடத்தில் நிற்பார். என்ன ஆயிற்று என்று டீச்சர் கேட்கமாட்டார்.

"ரொம்பக் கூட்டம்" என்பார் அகஸ்டின். "எல்லாரையும் பாக்க முடியல."

"சரி, கை கழுவிட்டு வாங்க" என்பார் டீச்சர்.