தரையில் மட்டும் பத்தடி

ஒரே காலையில் எங்கள் சமையலறை எனக்கு மூன்று அகலங்களைச் சொன்னது. முதலில் மூவாயிரத்து நூறு எம்எம். காபி குடித்துவிட்டு வந்து அளந்தால் மூவாயிரத்துத் தொண்ணூற்றாறு. ஜன்னலைத் திறந்து வைத்து, கடல்காற்று டேப்பை ஆட்ட ஆட்ட இன்னொரு முறை அளந்தேன். மூவாயிரத்து நூற்று நான்கு. சுவர்கள் மூச்சு விடுகின்றனவா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றுவதையெல்லாம் எழுதிவைத்தே வயது ஐம்பத்தொன்று ஆகிவிட்ட ஆள் நான். அளவு எடுப்பதற்கு அது நல்ல தகுதி கிடையாது.

திருவிடந்தையில் ஈசிஆர் சாலையை விட்டு உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பை ஒட்டிய மனைப்பிரிவில், யாரோ கட்டி வாழ்ந்து விற்றுவிட்டுப் போன வீடு அது. மழைக்காலத்தில் வாங்கினோம். அதுவரை இருபத்திரண்டு வருடம், என் மனைவி வேலை பார்க்கும் அணுமின் வளாகத்துக் குவார்ட்டர்ஸ்தான். அங்கே எல்லாச் சமையலறையும் ஒரே அச்சு. அளக்கிற வேலை யாருக்கும் இருந்ததில்லை.

அவளுக்கு வலது குதிகாலில் எலும்பு வளர்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் அதைப் பார்த்தேன், கருவேல முள்ளேதான். நின்றுகொண்டு செய்யும் வேலையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். "நின்னுக்கிட்டுச் செய்யாத வேலை எது டாக்டர், சொல்லுங்க, அதைச் செய்யறேன்" என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அவள் சிரிக்காததைக் கவனித்தேன்.

ஆகவே புதுச் சமையலறையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: உட்கார ஓர் இடம். மேடையின் வலது ஓரத்தில், கீழே அலமாரி எதுவும் வைக்காமல் வெறுமனே விட்டால், ஒரு ஸ்டூலைப் போட்டு முழங்காலை உள்ளே நுழைத்துக்கொண்டு காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், சும்மாவும் இருக்கலாம். கலர், கைப்பிடி, கதவு இதெல்லாம் என் இஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

செங்கல்பட்டில் அலமாரி செய்து தரும் ஒரு கடையில் சொன்னோம். தை மாதக் கிரகப்பிரவேசங்கள் நெருங்கும் நேரம், அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. "நீங்களே அளந்து வாட்ஸப்ல போடுங்க சார். அடுப்புக்கு, சிங்க்குக்கு, டிராயருக்கு மூணு ஸ்டீல் பெட்டி முதல்ல பண்ணிடறோம். மேடைக் கல்லுக்கு ஆள் வந்து அளப்பாங்க" என்றார்கள். உப்புக்காற்றில் பலகை ஊதிவிடும் என்பதால் ஸ்டீல்.

டேப்பின் நுனியிலிருக்கும் கொக்கி லொடலொடவென்று ஆடியது. பழுது என்று நினைத்துப் பசை வைத்து ஒட்டினேன். அப்புறம்தான் அந்த மூன்று எண்களும் வந்தன. பார்க்க முழுசாக இருந்ததால் மூவாயிரத்து நூறை நம்பினேன். குளியலறைக்கும் ஒரு எண் எழுதி இரண்டையும் அனுப்பிவைத்தேன். ஒரு கவிதையை முடித்த நிம்மதி.

வரைபடம் வந்தது. மூன்று பெட்டிகள் போக வலது ஓரத்தில் ஐநூற்றைம்பது எம்எம் வெள்ளையாக விட்டிருந்தார்கள். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள். அலுவலகத்தில் மூன்று பேருக்குக் காட்டியிருக்கிறாள். "இது நான்" என்று சொன்னாளாம், அந்த வெள்ளையைத் தொட்டு.

பெட்டிகள் வந்து ஹாலில் இறங்கின. இரண்டு நாள் கழித்துக் கல்லுக்கு அளவெடுக்கக் கடையிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டர், தோள்பை, காதில் பென்சில். முதலில் என் டேப்பைத்தான் கையில் எடுத்தார்.

"கொக்கியை யார் சார் ஒட்டுனது?"

"நான்தான். ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"அது ஆடணும் சார். ஆடறதுதான் அதுக்கு வேலை. சுவத்துல முட்டி அளந்தா உள்ள போகும், விளிம்புல மாட்டி இழுத்தா வெளிய வரும். தகடு கனம் கணக்குல வந்துடக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான்." மனைவியின் பக்கம் திரும்பினார். "அக்கா, சார் வேற எதையெல்லாம் ஒட்டி வச்சிருக்காரு?"

"வீட்டுல ஆடறது எதுவும் இவருக்குப் பிடிக்காது. இவர் மட்டும் ஆடுவார்" என்றாள் அவள்.

அந்தப் பெண் லேசர் கருவியை வலது சுவரில் வைத்து அழுத்தினார். எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. மேலே நெஞ்சு உயரத்தில், மேடை உயரத்தில், தரையில் என்று மூன்று இடம். மேலே மூவாயிரத்து நூறு. மேடை உயரத்தில் மூவாயிரத்து எழுபத்திரண்டு. தரையில் மூவாயிரத்து நாற்பத்தெட்டு.

"நீங்க நின்ன வாக்குல நெஞ்சுக்கு நேரா அளந்திருக்கீங்க, குனியல. பெட்டி தரையிலதான சார் உக்காருது?"

நாங்கள் மூவரும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுபோய் இடது சுவரோடு ஒட்டி வரிசையாக வைத்தோம். மிச்சமிருந்த சந்தில் அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முள் இருக்கும் காலை அவளால் நேராக வைக்க முடியாது. வலது முழங்கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். இப்போது சாய இடமில்லாமல் சுவரில் இடித்தது. உடம்பைத் திருப்பி உட்கார்ந்தாள், அப்போதும் இடித்தது. குதிகாலைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு எழுந்து, ஸ்டூலை எடுத்து ஹாலில் வைத்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு அங்குலம் போயிடுச்சு. பெட்டியை இனிமே குறைக்க முடியாது, வெல்டிங் ஆயிடுச்சு" என்றார் அந்தப் பெண், மெதுவாக. "அந்த இடத்துல எண்ணெய் பாட்டில் வைக்கிற ரேக் ஒண்ணு போட்டுடலாம். இழுத்தா வரும். நிறைய பேர் அப்படித்தான்…"

"போட்டுடுங்க" என்றாள் என் மனைவி. இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பழக்கமான குரல்தான். விருந்தாளி வந்தால் "இருங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி நிற்கப் போவாளே, அந்தக் குரல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு சுவர் ஒன்றையொன்று பார்த்து நிற்கிறது, நடுவில் இருப்பது வெறும் காற்று. அந்தக் காற்று மேலே ஒரு நீளமும் கீழே ஒரு நீளமுமாக எப்படி இருக்கும்? குனிந்தேன், நிமிர்ந்தேன். என் கண் தவறா, டேப் தவறா, வீடு தவறா? குளியலறைக்கு நான் அனுப்பிய எண்ணையும் பயந்துகொண்டே போய்ப் பார்த்தேன். வாஷ்பேசினுக்குக் கீழே வரவேண்டிய அலமாரியில் குளியலறைக் கதவு இடித்து நிற்கும் என்று கண்ணாலேயே தெரிந்தது. கதவு உள்பக்கம் திறக்கும் என்பதை நான் எழுதவே இல்லை. நல்லவேளை, அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை.

அந்தப் பெண் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "மூவாயிரத்து நாற்பத்தெட்டுன்னா பத்தடி சார். ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இந்த ஊர்ல சுவர் தானா இவ்ளோ கரெக்டா நிக்காது. யார் கட்டுனது? கூப்பிடுங்க."

வீட்டைக் கட்டிய மேஸ்திரி பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். என் வயதுதான். தண்ணீர்த் தொட்டிக்காக ஒருமுறை வந்திருக்கிறார். போன் போட்டதும் மொபெட்டில் வந்து இறங்கினார்.

"இன்னா அண்ணாத்த, சொவுரு இன்னா பண்ணுச்சு?"

லேசர் காட்டிய மூன்று எண்களையும் சொன்னேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"மெய்யாலுமே கண்டுபுட்சிட்டீங்களா! இத்தினி வருசத்துல ஒர்த்தன் கேக்கல." ஹாலில் இருந்த அந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பழைய ஓனரு நல்ல மனுசன், ஆனா மனையடி சாஸ்திரம்னா பேஜாரு பண்ணிடுவாரு. குசினி உள்கூடு பத்தடி வர்லைன்னா வூட்டுக்குள்ள கால வெக்க மாட்டேன்னு சொல்லிகினு கீறாரு. செங்கல்லு வுட்டு ஏத்திப் பாத்தா பத்தடி ரெண்டு இஞ்சு நிக்கிது. சொவுத்த ஒடைக்கறதா? நாளு வேற நெருங்கிடுச்சு."

"அதுக்கு?"

"வாஸ்துகாரரு வந்தா தரையிலதான டேப்ப போட்டுப் பாப்பாரு? இந்த வலது பக்கத்துச் சொவுத்துல கீழ பூச்ச கனமா போட்டு, மேல போகப் போக மெல்லிசா இழைச்சு வுட்டேன். அவரு வந்து பாத்தாரு, பத்தடி. தேங்கா ஒடச்சாரு. மேல யாரு அளக்கறது?"

"நான் அளந்தேன்" என்றேன்.

"அதான் பாருங்களேன்" என்றார், தப்பு முழுக்க என்னுடையது போல.

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. சுவரின் அடியில் போய்க் குந்தி, விரல் முட்டியால் தட்டினாள். "இதுல ரெண்டு அங்குலமும் வெறும் சிமெண்ட்டா?"

"சிமெண்ட்டுதாம்மா. பேத்துடலாம். ஆனா பத்தடி பூடும். அப்பால எதுனா ஆச்சுன்னா என் தலைய உருட்டாதீங்க."

மனையடி சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்த நிமிடம் என் வாய் தானாகக் கேட்டது: "பத்தடி ரெண்டு அங்குலத்துக்கு என்ன பலன்?"

"எனக்குப் பலன்லாம் தெரியாது சார். கலவைதான் தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதி அடையும். உடையுங்கள் என்று சொன்னாலும் வேறு ஏதோ ஒன்று நிம்மதி அடையும். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி அடுத்தடுத்துக் குடியிருந்தன என்று இன்றுவரை தெரியவில்லை. முதல் முறை இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது தரகர் "குசினி பத்தடி சார், ராசியான வீடு" என்று சொன்னதும், அப்போது நான் தலையாட்டியதும் ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது.

அவள் எழுந்து நின்றாள், இடது காலில் எடையை வைத்து. "மேஸ்திரி, வாஸ்துக்காரர் டேப்பை எந்த இடத்துல வச்சார்?"

அவர் யோசித்து, மேடை வரும் இடத்திலிருந்து நாலடி தள்ளி, அறையின் நடுவே தரையில் கையால் ஒரு கோடு இழுத்தார். "இங்க."

"அந்த இடத்தைத் தொடாதீங்க. அது பத்தடியாவே இருக்கட்டும். இங்க மட்டும் பேத்து எடுங்க, என் முழங்கால் வர்ற அளவுக்கு."

மேஸ்திரி சுவரின் அடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அண்ணாத்த, நீங்க அப்பவே இவங்ககிட்ட டேப்ப குட்த்துருக்கணும்."

உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். அந்தப் பெண் பென்சிலால் சுவரில் ஒரு சதுரம் போட்டுக் கொடுத்தார். பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. புதுப் பெட்டிகளின் மேல், எங்கள் தலைகளின் மேல், ஹாலில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி வரைக்கும் சாம்பல் தூசி. ஒவ்வொரு அடிக்கும் நான் கண்ணை மூடித் திறந்தேன். உள்ளே செங்கல் தெரிந்தபோது சிவப்பாக, ஈரமாக இருந்தது. இவ்வளவு வருடம் கழித்தும் எதற்கு அந்த ஈரம்? கேட்கலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மேஸ்திரி ஒதுங்கியதும் அவள் ஸ்டூலைக் கொண்டுவந்து சந்துக்குள் போட்டாள். தூசியைத் தட்டக்கூட இல்லை. உட்கார்ந்தாள். வலது முழங்கால் தன் வழக்கப்படி வெளியே சாய்ந்தது. சாய்ந்து, அந்தப் பள்ளத்துக்குள் போய் நின்றது. எங்கும் இடிக்கவில்லை. குதிகாலைத் தரையில் எடை இல்லாமல் வைத்துக்கொண்டு, இல்லாத மேடையின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றுவதுபோல் காற்றில் வைத்தாள்.

அப்புறம் அந்தப் பெண் கருவியை எடுத்து, இடது சுவரின் அடியில் பெட்டிகளுக்கு முன்னால் குந்தி, பள்ளத்தைக் குறிவைத்து அழுத்தினார். சிவப்புப் புள்ளி சுவருக்குப் போகவில்லை. அவள் முழங்கால் மேல், புடவையில் நின்றது. ஏதோ ஒரு எண் காட்டியது, எதற்கும் உதவாத எண்.

"அக்கா, ஒரு நிமிஷம் எந்திரிச்சீங்கன்னா அளந்துடுவேன்."

"எந்திரிக்க மாட்டேன்" என்றாள் அவள்.