ஆறுமீண்டான் என்ற பெயரைத் தேடிப்போன செங்கோடனார்

ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சங்ககிரி ஆஸ்பத்திரியில் ஒரு வண்டிக்காரரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பரமத்தி வேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த காளியப்பன் வாசற்படியில் நின்றான். நான் கட்டுப் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தான். பிறகு சொன்னான்:

“அய்யன் தவறிப்போயிட்டாருங்க. தூக்கறதுக்கு ஆளில்லைங்க.”

நானூறு வீடுகள் உள்ள ஊரில், அந்த ஊரிலேயே பிறந்து ஐம்பது வயது வரை வாழ்ந்த ஒருவரைத் தூக்க ஆளில்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இறந்தவர் செங்கோடனார். அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருந்தவர். வேலூரிலிருந்து நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வரை அவர் கால் படாத ஊர் குறைவு. அவர் வருகிறார் என்று தெரிந்தால் பெண்கள் பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். அவர் சத்தம் போடமாட்டார். வாசலில் உட்கார்ந்து, அம்மைத் தழும்பு குழி குழியாக விழுந்த தம் முகத்தைக் காட்டி, “எம்பட மூஞ்சிய நல்லாப் பாருங்க தாயி. உங்க புள்ளைக்கும் இதுதான் வேணுமுங்களா?” என்று கேட்பார். கொஞ்ச நேரத்தில் குதிரிலிருந்து பிள்ளை வெளியே வரும். அதன் பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர் மூன்றையும் கேட்டுப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் ஊசியைத் தொடுவார்.

மாதம் ஒருமுறை அம்மைப்பால் மருந்து வாங்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். நான் அப்போதுதான் கம்பவுண்டராகச் சேர்ந்திருந்தேன். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். தாய் தகப்பன் இல்லாமல் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவன் நான் என்று அறிந்ததும், என்னிடம் அவருக்குத் தனிப் பரிவு உண்டாயிற்று. இரண்டு முறை வேலூருக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார். மனைவியை இழந்தவர், ஒரே மகள் பாவாயிதான் பரிமாறினாள். மூன்றாம் முறை போனபோது, கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “ஏனுங்க தம்பி, எம்பட புள்ளையக் கட்டிக்கிறீங்களா?” என்று நேராகவே கேட்டார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோனது இன்றும் என் காதில் இருக்கிறது. நான் சரி என்றேன்.

பேச்சை முடிக்க என் தாய்மாமன் வேலூருக்கு வந்தார். வெற்றிலைத் தட்டை நகர்த்தும்போது செங்கோடனார் வழக்கப்படி மாப்பிள்ளையின் வீட்டுப் பெயரைக் கேட்டார். “ஆறுமீண்டான் வூடுங்க,” என்றார் மாமன்.

செங்கோடனாரின் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. அவரும் ஆறுமீண்டான் வீட்டார்தான். அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் மிக அரிது. கணக்கெடுத்தால் பதினைந்து இருபது வீடுகள் இருக்கும். அப்பெயர் வந்த கதையை அவருடைய தகப்பனார் சொல்லியிருந்தார்: ஏழு அண்ணன் தம்பிகள் காவேரி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, ஆற்றை நீந்தி மீண்டு வந்தார்களாம், அந்த எழுவரின் வம்சமே ஆறுமீண்டான் வீட்டார். அப்படியானால் நானும் பாவாயியும் பங்காளிப் பிள்ளைகள். அண்ணன் தங்கை முறை.

“பங்காளிக்குள்ள பொண்ணெடுக்கிறது உண்டுங்களா?” என்று சொல்லித் தட்டைத் திரும்பத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பாவாயி கதவோரம் வந்து நின்றாள். ஆட்கள் முன்னால் வராத பெண் அவள். “அந்தப் பேரை நாம கேட்டா வாங்குனோமுங்க அப்பா?” என்றாள். அவர் அவளை உள்ளே போகச் சொன்னார். குரல் கடுமையாக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்த ஆண்டே பாவாயியைத் திருச்செங்கோட்டுப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் சென்று, ஒரு நாள் பகலில், கிணற்றிலிருந்து எடுத்த உடல் ஒன்று பரிசோதனைக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் வந்தது. துணியை விலக்கிய பிறகுதான் யார் என்று தெரிந்தது. கால் தவறி விழுந்ததாகப் புகுந்த வீட்டார் எழுதிக் கொடுத்தார்கள். அவள் முதுகில் பழைய காயங்களும் இருந்தன. அதையும் டாக்டர் எழுதினார். எழுதியதால் ஒன்றும் நடக்கவில்லை.

செங்கோடனார் மாலையில் வந்தார். அழவில்லை. மகளின் தலைமயிரில் ஒட்டியிருந்த பாசியை ஒவ்வொரு இழையாக எடுத்துக் கீழே போட்டார். எல்லாம் எடுத்து முடித்தபின் என்னைப் பார்த்து, “நான் தடுத்தது நியாயந்தானுங்களே தம்பி?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய தேடல் தொடங்கியது. ஊரில் பலரும் பின்னால் நினைத்தது போல அவர் சாதிக் கட்டை உடைக்கக் கிளம்பியவர் அல்லர். தாம் செய்தது சரி என்று நிரூபிக்கவே கிளம்பினார். ஆறுமீண்டான் வீட்டார் ஒரே இரத்தம் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தால் போதும், மகளைத் தாம் கொல்லவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

பழைய பதிவேடுகளைப் புரட்டி, அந்தப் பெயர் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று எழுதினார். வேலூர் ஆற்றங்கரையில் சில வீடுகள், நாமக்கல்லுக்கு வெளியே இரண்டு, திருச்செங்கோட்டுக்கு இப்பால் நான்கு, சங்ககிரியைச் சுற்றிச் சில, சேலம் பட்டணத்தில் ஒன்று. எழுதியதை என் மேஜைமேல் வைத்து, “இதுல ஒண்ணு இடிக்குதுங்க தம்பி,” என்றார். “ஒரே வம்சம்னா ஒரே குலசாமி இருக்கோணும். இவங்க ஒவ்வொரு ஊட்டுக்கும் ஒவ்வொரு சாமி. கெடா வெட்டுக்கு ஒருத்தரும் ஒரே கோயிலுக்குப் போறதில்லை. அப்புறம் இந்த ஊர்களைப் பாருங்க. ஆத்தோரமா மேலயும் கீழயும் பரவல. வண்டித் தடத்தோட வரிசையாப் போகுது.”

சேலத்தில் அந்தப் பெயரோடு இருந்தவர் காதர் சாயபு, துணி வியாபாரி. பெயரைக் கேட்டு முதலில் செங்கோடனார் நம்பவில்லை. கடைக்குப் போய் விசாரித்தபோது சாயபு ஒளிக்காமல் சொன்னார்: “எங்க அத்தா தாது வருசப் பஞ்சத்துல ஆத்துல கிடைச்ச புள்ளைங்க. வேலூரிலேருந்து தானிய வண்டியில ஏத்திட்டு வந்தாங்களாம். எங்க பாட்டனார் எடுத்து வளர்த்தாரு. நாங்க அதை மறைக்கிறதில்லையே.”

சாயபுவின் குடும்பக் கதை வேறு, நம் கதை வேறு என்று செங்கோடனார் தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினார். ஆனால் அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மேட்டூர் அணையில் தண்ணீர் தேங்கிச் சில ஊர்கள் மூழ்கின அல்லவா? அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களின் புதுக் குடியிருப்பில் அம்மை குத்த அவரை அனுப்பினார்கள். மூழ்கிய ஊர் ஒன்றிலிருந்து வந்த பொன்னாத்தாள் என்ற எழுபது வயதுக் கிழவி, தானும் ஆறுமீண்டாள் என்று அவரிடம் சொன்னாளாம். மேற்கொண்டு கேட்க அவருக்குத் துணிவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

கிழவி ஓலைக் கொட்டகையின் நிழலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“எனக்கு அப்ப பத்து வயசுங்க சாமி. மழை பேஞ்சு ரெண்டு வருசமாச்சு. ஆத்துக்கு அக்கட்டால கஞ்சி ஊத்துறாங்கன்னு சனமெல்லாம் போச்சு. அங்க போனா, நீங்க வேற ஜில்லா, உங்களுக்கில்லைன்னுட்டாங்க. திரும்பறதுக்குத் தெம்பில்லை. மணல்லயே பெரியவங்க ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. என்னையப் பெத்த ஆயாளும் அங்கதான் விழுந்தா. பரிசக்காரன் ஒருத்தன் வந்து, மூச்சிருந்த புள்ளைகளை மட்டும் பொறுக்கி ஏத்துனான். பதினோரு பேருங்க.”

இக்கரையில் அந்தப் பிள்ளைகளை யார் ஏற்பது? அக்கரைக் கஞ்சித் தொட்டிக்குத் தானியத்தை வேலூர்ப் பரிசல்துறை வரை கொண்டுவந்த வண்டிக்காரர்கள் ஊர் திரும்பும்போது ஆளுக்கொன்றாக ஏற்றிப்போனார்கள். வழியில் பிள்ளையில்லாத வீடுகளில் இறக்கினார்கள். பொன்னாத்தாளையும் ஒரு பையனையும் பரிசல்காரன் மேலாற்றில் இருந்த தன் சொந்தக்காரர்களிடம் விட்டான். வளர்த்தவர்கள் தங்கள் சாமியைக் கும்பிடவிட்டார்கள். தங்கள் கூட்டத்தின் பெயரைக் கொடுக்கவில்லை. ஆற்றிலிருந்து மீண்டவன், மீண்டவள் என்று ஊர் கூப்பிட்டது. அதுவே வீட்டுப் பெயராகிவிட்டது.

செங்கோடனார் தம் தகப்பனார் பெயரைச் சொன்னார். “வேலூர்ச் சின்னான்…”

கிழவி முறத்தைக் கீழே வைத்தாள். “சின்னானா? பரிசல்ல எம்மடியில உக்காந்துட்டு வந்தானுங்களே. முகமெல்லாம் ஈ மொய்ச்சுது. நாந்தான் ஓட்டுனேன்.”

அவர் என்னைக் காட்டிக் கேட்டார்: “இவங்க அய்யன் சங்ககிரிக்குப் போனவருங்க. அவரும் சின்னானும் ஒரு தாய் புள்ளைகளா?”

“இல்லீங்க சாமி. அந்தப் பையன் வேற ஊரு, வேற சனம். மூணு நாளா வாயே தொறக்கலை. நாங்க ஒரு வயித்துப் புள்ளைக இல்லீங்க. ஒரு பரிசல் புள்ளைக.”

திரும்பும் வழியில், சங்ககிரியில் பஸ்ஸை விட்டு நான் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஏழு அண்ணன் தம்பின்னு எங்கய்யன் சொன்னது வெக்கத்துலங்க. அந்த வெக்கத்துக்கு எம்பட புள்ளையக் கொடுத்துட்டேன்,” என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

உண்மை தெரிந்த உடனே அவர் ஊருக்குச் சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். சொன்னால் இத்தனை குடும்பங்களும் என்ன சாதி என்ற கேள்வி வரும். கட்டிக்கொடுத்த பெண்கள் திரும்பி வருவார்கள். இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

யுத்தம் தொடங்கிய சமயத்தில், வேலூர்க் குப்பாயியும் சங்ககிரிப் பக்கத்துக் காளியப்பனும் ஒருவரையொருவர் விரும்பிய செய்தி வெளிவந்தது. இருவரும் ஆறுமீண்டான் வீட்டார். அண்ணனைக் கட்ட நினைத்தவளை ஆற்றில் தள்ளிவிடுவேன் என்று குப்பாயியின் தகப்பன் பேச, ஊர் கூடியது. நானும் போயிருந்தேன். செங்கோடனார் எழுந்து நின்றார். அருகிலிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டார்.

“அவங்க அண்ணன் தங்கச்சி இல்லீங்க. நாம யாருமே பங்காளிக இல்லை,” என்று தொடங்கிப் பரிசல் கதை முழுவதையும் சொன்னார். பொன்னாத்தாள் அதற்குள் இறந்துபோயிருந்தாள். அவர் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஊர்ப் பெரியதனக்காரர் கேட்டார்: “அப்ப நீங்கெல்லாம் என்ன சாதியின்னு சொல்ற?”

“எனக்குத் தெரியாதுங்க. பசிச்சுப் போனவங்க. அவ்வளவுதான் தெரியும்.”

குப்பாயியின் தகப்பனே முதலில் செருப்பைக் கழற்றி எறிந்தான். அவர் விலகவில்லை. “ஒருத்தியைக் கொடுத்தாச்சுங்க. இன்னொருத்தியைக் கொடுக்க விடமாட்டேன்,” என்றார். அந்தக் கலவரத்திலேயே குப்பாயி கூட்டத்தைக் கடந்து வந்து அவர் பின்னால் நின்றாள். அவளையும் காளியப்பனையும் அவர் தம் வீட்டில் வைத்துத் திருமணம் செய்வித்தார். அன்றிலிருந்து அவருக்கு ஊர்க்கட்டு. நெருப்பு, தண்ணீர், வண்ணார், நாவிதர் எல்லாம் நின்றன. பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டால் கட்டை எடுத்துவிடுவதாக மூன்று முறை ஆள் அனுப்பினார்கள். அவர் பதிலே சொல்லி அனுப்பவில்லை.

ஆறுமீண்டான் வீட்டார் தங்கள் பெயரையே விட்டுவிட்டார்கள். ரேஷன் கார்டு எழுத வந்தவர்களிடம் வளர்த்த வீட்டுக் கூட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். சங்ககிரியைச் சுற்றி இன்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கிறவன் நான் ஒருவன்தான். எனக்கும் பிற்பாடு திருமணமாகி இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். காளியப்பன் வந்து நின்ற அன்று அவள்தான் வேட்டியை எடுத்துக் கொடுத்து, “நிக்காதீங்க, போங்க,” என்றாள்.

நாங்கள் வேலூர் போய்ச் சேர்ந்தபோது பகல் சாய்ந்திருந்தது. ஒரு வாரக் காய்ச்சலில் போயிருக்கிறார். உடல்நிலை கேட்டுச் சேலத்திலிருந்து வந்து தங்கியிருந்த காதர் சாயபு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தாமே குளிப்பாட்டி முடித்துவிட்டிருந்தார். பாடை கட்டியதும் சாயபு, காளியப்பன், நான் என்று மூவர் நின்றோம். நாலாவது ஆளைத் தேடித் தெருவைப் பார்த்தோம். கதவுகள் அடைத்திருந்தன. குப்பாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பாடையின் நாலாவது முனையைப் பிடித்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

அவளுக்குத் தோள் உயரம் போதாது. பாடை அவள் பக்கம் சாய்ந்தே போயிற்று. நாங்கள் மூவரும் முழங்கால் மடக்கி நடந்தோம்.

மழை பெய்து விறகு ஈரமாக இருந்தது. சுடுகாட்டு வெட்டியான் ஊர்க்கட்டுக்குப் பயந்து எட்ட நின்றார். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்: “கொள்ளி வைக்கிறது யாருங்க? என்ன முறையாகோணும்?”

சாயபு என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷமாக அவரை நான் அய்யா என்றே அழைத்திருக்கிறேன்.

“மருமவனுங்க,” என்றேன்.

வெட்டியான் கிட்டே வந்து தீப்பந்தத்தை என் கையில் கொடுத்தார். மாமா, உங்கள் மகளை நீங்கள் எங்கேனும் காண்பதாக இருந்தால், அவள் கேட்ட கேள்விக்கு நான் அன்று வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.