கை நுழையாத கேரட் இயந்திரம்

பெருமாள்மலைப் பட்டறையின் கம்ப்யூட்டரில் அந்த உருளை முதன்முதலாகத் தலைகீழாகத் தொங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். அதுவரை இரும்புக் கேட், ஜன்னல் கிரில் என்று காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தவன் நான். முதலாளி வாங்கிப்போட்ட மென்பொருளில், பாகங்களைத் தனித்தனியாக வரைந்து, ஒன்றோடொன்று பொருத்தி முழு இயந்திரமாக்க வேண்டும். முதலில் வைக்கும் பாகம் அசையாது; மற்றவை அதைப் பார்த்து வந்து ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரியாமல் ஒரு போல்ட்டை முதலில் வைத்துவிட்டேன். சட்டம், உருளை, மோட்டார் எல்லாம் அந்தரத்தில் நின்ற அந்த ஒரு போல்ட்டை நம்பி வந்து சேர்ந்தன. என் குடும்பம் என்னை நம்பியிருந்ததுபோல.

கேரட்டை உருளைக்குள் போட்டுச் சுழற்றிக் கழுவும் இயந்திரம் அது. கேட்டவர், கவுஞ்சி கிராமத்தில் கேரட் போட்டிருந்த ஓர் அக்கா. ஓடைத் தண்ணீரில் மூட்டை மூட்டையாகக் கழுவிக் கழுவி அவர் விரல்கள் வீங்கி, மடங்க மறுத்தன. அறுவடைக்குள் இயந்திரம் வேண்டும். சந்தைக்கு வரும் நாளெல்லாம் எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்.

"ஏந் தம்பி, அது ஏன் கவுந்து கெடக்கு?"

"நேராக்கிருவேங்க்கா."

நேராக்கினால் மோட்டார் கழன்று கொடைக்கானல் பக்கம் போகும். பிடித்து வந்தால் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. "பேயோட்டுறவன்கூட இம்புட்டுப் பாடுபட மாட்டான்" என்பார் அக்கா. ஒரு மாதம் கழித்து, எல்லாம் பொருந்தி உருளை திரையில் சுற்றியபோது, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அறுவடைக்கு நான்கு நாள் இருக்கும்போது, என் வரைபடத்தைப் பார்த்துப் பாகங்களைச் செய்து பூட்டிக்கொண்டிருந்த பட்டறை ஃபிட்டர் என்னைக் கூப்பிட்டார். உருளையைத் தாங்கும் போல்ட்டுகள் சட்டத்துக்கு உட்பக்கம் இருந்தன.

"சார், ஒங்க கம்ப்யூட்டருக்குக் கை கெடையாது. எனக்கு இருக்குல்ல? ஸ்பேனரோட அத எங்கிட்டு விடுறது?"

திரையில் போல்ட் இரும்புக்குள் புகுந்துபோய்த் தானே உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட உலகத்தில்தான் நான் கெட்டிக்காரன். கை நுழைய ஓட்டை போட்டால் சட்டம் தாங்காது; புதிதாகச் செய்ய மூன்று வாரமாகும். கேரட் அதுவரை மண்ணுக்குள் காத்திருக்காது.

அக்காவிடம் சொன்னேன். திட்டியிருக்கலாம். உருளையைத் திரையில் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

"நல்லாத்தேன் சுத்துது," என்றார். "சரி, அறுவடையன்னிக்கு வெள்ளனே ஓடைக்குப் போகணும்."

பிறகு பையிலிருந்து யூகலிப்டஸ் தைலப் புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். மூடியைத் திருக அவர் விரல்களுக்குத் தெம்பில்லை.

திறந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ இயந்திரங்களைப் பொருத்திவிட்டேன். அந்த அக்காவுக்கு நான் உருப்படியாகச் செய்து கொடுத்தது அந்த மூடி ஒன்றுதான்.